கூடாமல் குறையாமல்

பேருந்து கடலூர் முதுநகரைத் தாண்டும்போது மரிய அருள் மூன்றாம் முறையாக எண்ணி முடித்தார். இருபத்து மூன்று.

முதல் முறையும் இருபத்து மூன்றுதான். இரண்டாம் முறை இருபத்து நான்கு வந்தது. அதில் ஒன்று, ஆலப்பாக்கம் போகும் ஓர் அம்மாளின் மடியில் மஞ்சள் துண்டு போர்த்திக்கொண்டு தூங்கிய கைக்குழந்தை. அதைத் தள்ளினாலும் இருபத்து மூன்று. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தது இருபத்திரண்டு.

ஒரு பிள்ளை குறைந்தால் தேடலாம், கூவலாம், போலீசுக்குப் போகலாம். ஒரு பிள்ளை கூடினால் என்ன செய்வது? வருவாய்த்துறையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவருக்கே அது தெரியவில்லை. அதற்கென்று ஒரு மனுப் படிவம்கூட அரசாங்கத்தில் கிடையாது.

போன மாதம்தான் வலது கண்ணில் புரை எடுத்திருந்தார். இனி எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். ஒன்று கூடுதலாகத் தெரியும் என்று சொல்லவில்லை.

அவர் கவலைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பங்குக் கோயில் திருவிழாவில் கொடியைத் தூக்கி முன்னால் நடப்பது மூன்று தலைமுறையாக அவர் குடும்பத்தின் உரிமை. கோயிலை ஒட்டி நிற்கும் தொடக்கப் பள்ளி அவருடைய தாத்தா எழுதிக் கொடுத்த மனையில் கட்டியது. வாசலில் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் யாரும் கொடுத்த வாக்கை மாற்றியதில்லை. பிடிக்காத பெண்ணைக் கட்டச் சொன்னபோதுகூட அவருடைய சித்தப்பா, தான் ஒரு தடவை தலையாட்டிவிட்டதற்காக அவளையே கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் பேசாமலே குடித்தனம் நடத்தினார். வாக்கு வாக்குதான்.

இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பேருந்தைப் பற்றி ஒரு பாடம் வந்ததிலிருந்து தொடங்கியது வினை. வகுப்பு ஆசிரியை ஜூலி ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். ஜூன் மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பேருந்துப் பாடத்தை நடத்திவிட்டு வேனில் சுற்றுலா போனால் பிள்ளைகள் சிரிக்காதா, அரசுப் பேருந்திலேயே சிதம்பரம் போய் வரலாம் என்றாள். பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் ராபர்ட். மரிய அருளின் மனைவிக்குத் தம்பி. சொந்தமாக இரண்டு வேன் வைத்திருப்பவர். ஆகவே பிள்ளைகளின் பாதுகாப்பில் அவருக்கு இயல்பாகவே அக்கறை அதிகம்.

"பஸ்ல இத்தினி வாண்டுங்கள ஏத்திக்கினு போயி, சாயங்காலம் எத்தினி திரும்பி வரும்னு யாரு கண்டா?"

மரிய அருள் எழுந்தார். அவர் எழுந்தால் முழுதாக எழுவார். முதுகு நாற்காலியில் சாய்ந்து பழகியதே இல்லை.

"நான் கூடப் போறேன். ஒண்ணு கூடாம, ஒண்ணு குறையாம கொண்ணாந்து ஒப்படைக்கிறேன். கூடினாலோ குறைஞ்சாலோ, இந்த வருஷக் கொடி உன் கையில, மச்சான்."

'கூடினாலோ' என்பதை அவர் ஓசை நயத்துக்காகத்தான் சேர்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் குறைவதற்குத்தான் வாய்ப்பு. கூடுவதற்கு வழி ஏது என்று அங்கிருந்த எல்லோரையும் போல அவரும் நினைத்தார். ஆனால் வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். ராபர்ட் அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டதும் எல்லோருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் சீருடை இல்லாமல் கலர் கலராக வந்திருந்தார்கள். பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் நம் பிள்ளை எது, ஊரார் பிள்ளை எது என்று கலங்கக் கூடாது என்று மரிய அருள் முன்யோசனையாக இருபத்தைந்து மஞ்சள் தொப்பி வாங்கி வந்திருந்தார். மூன்று கூடுதல், பறந்துபோனால் மாற்றுவதற்கு. மேடையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையாக மாட்டத் தொடங்கினார்.

பாதி தலைகூட முடியவில்லை, சிதம்பரம் வண்டி உள்ளே நுழைந்தது. நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக இருபது துண்டு, பத்துப் பை, ஒரு தவிட்டு மூட்டை, ஒரு குடை ஆகியவை உள்ளே போய் இடம் பிடித்துவிட்டன. துண்டு போட்டு இடம் பிடிப்பதை மரிய அருள் வாழ்நாள் முழுவதும் இகழ்ந்து வந்தவர். வரிசையில் நின்று ஏறுவோம் என்று பிள்ளைகளுக்கு அரை நிமிஷம் உபதேசம் செய்தார். அந்த அரை நிமிஷத்தில் வண்டி நிறைந்துவிட்டது.

அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம். வேறு வழியில்லை. முன்வாசலில் ஜூலியை ஏற்றிவிட்டு, தாத்தாவின் கல்வெட்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். வழியில் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியை, "ஓரமா போம்மா, புள்ளைங்க ஏறணும்" என்று அதட்டினார். அவள் கோபிக்கவில்லை. "ஏத்துங்க சாமி. பத்திரமா கூட்டிக்கினு போயிட்டு வாங்க" என்று கூடையை நகர்த்திக்கொண்டாள்.

தொப்பி கிடைக்காத பிள்ளைகள் நாலு பக்கமும் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். நீட்டிய தலைக்கெல்லாம் தொப்பியை மாட்டி உள்ளே தள்ளினார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள், நம் ஊர் வழக்கப்படி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவரும் படியில் தொற்றிக்கொண்டார்.

இப்போது, முதுநகருக்கு அப்பால், மஞ்சள் தொப்பிகள் அந்நியர்களின் மடிகளில் அங்கங்கே பூத்துக் கிடந்தன. ஒரு தொப்பி ஓட்டுநருக்குப் பக்கத்து இன்ஜின் மூடிமேல். ஒன்று தவிட்டு மூட்டைமேல்.

முன்னால் நின்ற ஜூலியை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, எத்தனை பேர் என்று விசாரித்தார்.

"இருவத்திரண்டும் இருக்கு சார். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

இந்தக் காலத்து ஆசிரியைகளுக்கு இருபத்திரண்டு வரைகூட எண்ணத் தெரியவில்லை என்று மரிய அருள் வருந்தினார். ஆனால் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவள் தலைமையாசிரியை சிஸ்டரிடம் சொல்வாள். சிஸ்டர் பெற்றோரிடம் சொல்வார். ராபர்ட் கொடிக்கம்பத்துக்கு எண்ணெய் பூச ஆரம்பித்துவிடுவார். கூடுதல் பிள்ளையைத் தானே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும்.

நடத்துநர் காத்தவராயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இருபத்திரண்டு அரை டிக்கெட், இரண்டு முழு டிக்கெட் கிழித்துக் கையில் வைத்தார்.

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா?" என்று மரிய அருள் கேட்டார்.

"பதினெட்டு வருசமா எண்ணிக்கினு இருக்கேன், பெரியவரே. என் வண்டியில யாரு டூரு, யாரு ஊருன்னு எனக்குத் தெரியாதா?"

இவரும் தேறமாட்டார் என்று மரிய அருள் முடிவு செய்தார்.

பெயர் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகளின் பெயர் அவருக்குத் தெரியாது. யாரைக் கேட்பது என்று திகைத்து நின்றபோது, தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தொப்பி பேசியது.

"தாத்தா, இங்க வந்து கம்பியப் புடிச்சிக்க. ஆலப்பாக்கம் வளைவுல வுழுந்துடுவ."

ரெட்டைச் சடை, ஒரு முன்பல் இல்லை. மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவரை 'சார்' என்று பயந்து பயந்து கூப்பிட, இவள் மட்டும் முதல் வார்த்தையிலேயே 'தாத்தா' என்றாள். அவர் கம்பியைப் பிடித்தார். வளைவு வந்தது. கம்பியைப் பிடிக்காத இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

பெயர் கேட்டார். வெண்மதி என்றாள். அவளுடைய நெற்றியையும் பேச்சையும் பார்த்ததும் நல்ல குடும்பத்துப் பெண் என்று தீர்மானித்துவிட்டார். மனிதர்களை ஒரே பார்வையில் எடைபோடுவது அவருக்கு உத்தியோகத்தில் வந்த பழக்கம். வாரிசுச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவளிடம் மட்டும் விஷயத்தைக் காதோடு சொன்னார்: நம் பிள்ளைகளுக்குள் வெளிப்பிள்ளை ஒன்று கலந்துவிட்டது.

வெண்மதி கொஞ்சமும் அதிரவில்லை. "அப்புடியா" என்று தொப்பிகளையெல்லாம் ஒரு நோட்டம் விட்டாள். "கண்டுபுடிச்சிடலாம் தாத்தா. நீ கவலப்படாத."

அந்த நிமிஷமே அவளை வகுப்புத் தலைவியாக நியமித்தார்.

பிறகு அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. பள்ளிக்கூடத்தின் காலை ஜெபத்தைச் சொல்லச் சொன்னால், தெரியாமல் விழிப்பதுதான் வெளிப்பிள்ளை. கையைத் தட்டி ஆரம்பித்து வைத்தார். பிள்ளைகள் அங்கங்கே இருந்த மடிகளிலிருந்தே ராகம் போட்டார்கள். வெண்மதி மற்றவர்களைவிட அரை நொடி பின்னால், ஆனால் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள். நிதானமான பெண் என்று அவர் மெச்சிக்கொண்டார். மடி கொடுத்தவர்களும் சும்மா இருக்கவில்லை. அலைகள் போல ஜெபம் பின்சீட்டு வரைக்கும் போனது. ஆலப்பாக்கத்து அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய சாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜெபம் முடிந்தபோது வண்டியில் ஒரே ஒரு வாய்தான் அசையவில்லை.

அது ஜன்னலோரம் இருந்த ஒரு குண்டுப் பையனின் வாய். அசையாததற்குக் காரணம் புதுச்சத்திரத்தில் தெரிந்தது. காலையில் சாப்பிட்ட ஐந்து இட்லியும் மரிய அருளின் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டிக்கு வந்து சேர்ந்தன.

வேட்டி போனால் துவைத்துக்கொள்ளலாம். ஆனால் பையனின் பெயரைக் கேட்டால் சொல்ல மறுத்தான். பள்ளிக்கூடம் எது என்றால் மேலே பார்த்தான். உன் மிஸ் யார் என்றால் கீழே பார்த்தான். மரிய அருளுக்குச் சந்தேகம் விழுந்தது.

சிதம்பரத்தில் இறங்கியதும் அதை உறுதி செய்துகொண்டார். ஜோடி ஜோடியாகக் கை கோத்து நிற்கச் சொன்னார். இருபத்திரண்டு பேர் என்றால் பதினொரு ஜோடி. கூடுதலாக ஒருவன் இருந்தால் தனியாக நிற்பான். இதைவிடத் தெளிவான விசாரணை இருக்க முடியாது. வெண்மதி நொடியில் ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஜோடியாக நின்றாள். பதினொரு ஜோடி அமைந்தது. குண்டுப் பையன் மட்டும் தனியாக நின்றான். வாந்தி எடுத்தவன் கையை யாரும் பிடிக்கமாட்டார்கள் என்பது விசாரணை அதிகாரியின் கணக்கில் வரவில்லை.

"இவன்தானே?" என்று வெண்மதியிடம் கிசுகிசுத்தார்.

அவள் பையனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இவன இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல தாத்தா" என்றாள்.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும். பிள்ளைகள் பிடித்து நடப்பதற்காகக் கொண்டு வந்த கயிற்றின் முன்நுனியைப் பிடித்துக்கொண்டு ஜூலி கீழ வீதிப் பக்கம் வரிசையைக் கூட்டிப் போனாள். வால்பக்கத்தை வெண்மதியின் பொறுப்பில் விட்டுவிட்டு, மரிய அருள் பையனைப் பேருந்து நிலையத்துப் புறக்காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். ஏட்டு வைத்திலிங்கம் மரியாதையாக நாற்காலி போட்டார். பேருந்தில் தனியாகக் கிடைத்த பையன், பெற்றோர் தேடி வருவார்கள், ஒப்படைத்துவிடுங்கள் என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டு, கீழே 'துணை வட்டாட்சியர், ஓய்வு' என்றும் போட்டார்.

வெளியே வந்து வேக நடை நடந்து வரிசையைப் பிடித்து எண்ணினார். இருபத்திரண்டு. அன்றைக்குக் காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, நல்ல வேலைப்பாடு என்று ஒப்புக்கொண்டார்.

கோபுர வாசலில் ஜூலி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் வெளுத்தது.

"சார், ஒண்ணு குறையுது."

"குறையலம்மா. இப்பத்தான் சரியா இருக்கு."

"இல்ல சார். இளவரசு இல்ல. குண்டா, பஸ்ல வாந்தி எடுத்தானே."

மரிய அருளுக்குக் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அவன் நம்ம பையனா?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க. அவுங்க அப்பா தங்கராசுதான் ராபர்ட் சார் வேனையே ஓட்டுறாரு."

உலகத்தில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, ராபர்ட்டின் வேன் ஓட்டுநர் பெற்ற பிள்ளையைத்தான் எழுத்து மூலமாக, முழுக் கையெழுத்தோடு, போலீசில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். அவர் குடும்பத்தில் பொய் சொல்கிற வழக்கமும் கிடையாது. "முகம் கழுவிக்கினு இருப்பான், கூட்டியாரேன்" என்றார். அந்த நேரத்தில் அவன் முகம் கழுவிக்கொண்டிருக்கவே முடியாது என்று யாராலும் நிரூபிக்க முடியாதல்லவா.

ஆட்டோவை நிறுத்தினார். அவர் ஏறுவதற்கு முன்னால் வெண்மதி ஏறி உட்கார்ந்திருந்தாள். "எனக்கு வழி தெரியும் தாத்தா" என்றாள். அவள் ஓட்டுநருக்குச் சொன்ன வழி அவர் வந்த வழியைவிடக் குறுக்கு வழியாக இருந்தது.

இளவரசு ஏட்டின் மேஜைமேல் உட்கார்ந்து கிரீம் பன் தின்றுகொண்டிருந்தான். முகம் கழுவி விட்டிருந்தார்கள். மரிய அருளின் மனச்சாட்சிக்கு அது பெரிய ஆறுதல்.

ஏட்டு வைத்திலிங்கம் இந்தத் தடவை நாற்காலி போடவில்லை.

"பஸ்ல கெடச்சான்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப எங்க பையன்ங்கிறீங்க. நடுவுல அரை மணி நேரத்துல என்னா சொந்தம் வந்துச்சு?"

மரிய அருள் ஓய்வூதிய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் உங்கள் பெயர் இருக்கிறது, பையன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு பையனின் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இவரு யாரு?"

இளவரசு பன்னை விழுங்கினான். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்து, தெளிவாகச் சொன்னான்.

"தெரியாது."

ஏட்டு நிமிர்ந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. முப்பத்தாறு வருஷ உத்தியோகம், தாத்தாவின் கல்வெட்டு, மூன்று தலைமுறைக் கொடி, எல்லாம் ஒரு கிரீம் பன்னின் முன்னால் கைகட்டி நின்றன.

"ஏட்டு மாமா." மரிய அருளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெண்மதி எட்டிப் பார்த்தாள். "இவன் எங்க கூட வந்தவன்தான். இவரு எங்க தாத்தா. கொஞ்சம் மறதி, அதான்."

ஏட்டு அவளைப் பார்த்தார். அவருடைய மீசைக்குள் என்னவோ அசைந்தது. "நீ இவுங்க கூடயா வந்துருக்க?"

"ஆமா."

"அப்ப சரி. கூட்டிக்கினு போங்க பெரியவரே."

ஒரு சிறுமியின் வாக்குக்குப் போலீஸ் இலாகா கொடுக்கும் மரியாதையைப் பார்த்து மரிய அருள் நெகிழ்ந்தார். வளர்ப்பு சரியாக இருந்தால் காக்கிச் சட்டையும் வணங்கும் என்று ஆட்டோவில் திரும்பும்போது அவளிடமே சொன்னார். அவள் இளவரசுவிடமிருந்து பாதி பன்னை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்து எண்ணினார். இருபத்து மூன்று.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் டப்பாவைத் திறந்தார்கள். வெண்மதியிடம் டப்பா இல்லை. மறந்துவிட்டேன் தாத்தா என்றாள். காலையிலிருந்து ஊருக்காக உழைத்த பெண் பட்டினி கிடப்பதா என்று, மனைவி ஆரோக்கிய ராணி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அவளுக்கு எடுத்து வைத்தார். அவள் வறுவலை முதலில் முடித்தாள். ஜூலி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்பச் சூட்டிகை சார். அப்படியே உங்க வளர்ப்பு தெரியுது."

பள்ளிக்கூடத்தையே தன் குடும்பமாக நினைக்கிற மனிதருக்கு அந்த வார்த்தை எவ்வளவு இனித்திருக்கும். "எங்க இடத்துல காலு வச்ச புள்ளைங்க எல்லாமே அப்படித்தாம்மா" என்றார் அடக்கமாக.

ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்தபோது அவருக்குப் பொறாமையாக இருந்தது. இந்தத் தூண்களை எண்ணச் சொன்னால் எண்ணிவிடலாம். தூண்கள் ஜன்னல் வழியாக ஏறாது; ஒன்றின் மடியில் ஒன்று உட்காராது; ஆயிரத்தொன்றாவதாக எதுவும் வந்து ஒட்டிக்கொள்ளாது.

திரும்புகிற வண்டியில் மடிகள் தாராளமாகக் கிடைத்தன. பிள்ளைகள் தூங்கினார்கள். தூங்கும் தொப்பிகளை எண்ணுவது சுலபம், பி.முட்லூரில் எண்ணினார், புதுச்சத்திரத்தில் எண்ணினார். இருபத்து மூன்று மாறவே இல்லை. வெண்மதி மட்டும் விழித்திருந்து, யார் தலை ஜன்னலுக்கு வெளியே போகிறது என்று பார்த்துப் பார்த்து உள்ளே இழுத்துப் போட்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் மரிய அருள் ஒரு முடிவுக்கு வந்தார். மறைப்பது மானமில்லை. இறங்கியதும் ராபர்ட்டை நேராகப் பார்த்து, "மச்சான், ஒண்ணு கூடிப்போச்சு. கொடி உன்னுது" என்று சொல்லிவிட வேண்டும். குரல் நடுங்கக் கூடாது. மூன்று முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை 'கொடி' என்ற இடத்தோடு நின்றுவிட்டார். அவருடைய அப்பா எழுபத்தெட்டு வயதில், மூட்டு வலியோடு, கடைசி முறையாக அந்தக் கொடியைத் தூக்கி நடந்தது நினைவுக்கு வந்தது. யார் பிடிக்க வந்தும் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, ஆபரேஷன் செய்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கடலூர் பேருந்து நிலையத்தில் பெற்றோர் கூட்டம் காத்திருந்தது. நடுவில் ராபர்ட். கையில் பெயர்ப் பட்டியல், காதில் பேனா. பக்கத்தில் தங்கராசு.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ராபர்ட் பெயர் கூப்பிட்டு, தலையைத் தொட்டு, பெற்றோர் கையில் கொடுத்து, பேனாவால் டிக் அடித்தார். இளவரசுவைத் தங்கராசு தூக்கிக்கொண்டார். அவன் அப்பாவின் காதில் ஏட்டு, பன் என்று எதுவோ சொன்னான், நல்லவேளை அவருக்குப் புரியவில்லை. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. மரிய அருள் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இருபத்திரண்டு" என்றார் ராபர்ட்.

மரிய அருள் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தார். காலி. படியைப் பார்த்தார். காலி. மேடையில் பெற்றோர் கை பிடிக்காத பிள்ளை ஒன்றுகூட நிற்கவில்லை.

ராபர்ட் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். தோற்றாலும் மனுஷன்தான், பேச்சைக் காப்பாற்றினார்.

"ஒத்துக்கிறேன் மாமா. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கொடி ஒங்க கையிலயே இருக்கட்டும்."

பெற்றோர்கள் கை தட்டினார்கள். சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை மரிய அருள் மெதுவாக விழுங்கினார். கண்ணில்தான் கோளாறு, நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவர் முதுகு, காலையில் இருந்ததைவிட இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. நிமிர்ந்த முதுகு சும்மா இருக்காது. பேசத் தொடங்கினார்.

இந்த வெற்றி தன்னுடையது மட்டுமல்ல என்றார். பொதுப் பேருந்தில் போனால் பிள்ளை கெட்டுவிடும், தொலைந்துவிடும் என்று சொன்னவர்களுக்கு நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று பதில் சொல்லியிருக்கிறது என்றார். வழி சொன்னது அவள். மற்றப் பிள்ளைகளைக் காத்தது அவள். போலீஸ்காரரே அவள் பேச்சுக்குக் கட்டுப்பட்டார். இந்த வருஷத் திருவிழாவில், மூன்று தலைமுறையில் முதல் முறையாக, தன் குடும்பத்துக்கு வெளியே ஒரு கை அந்தக் கொடியைத் தனக்கு முன்னால் தொட்டு எடுத்துக் கொடுக்கும் என்றார்.

"எங்க தாத்தா எடம் குடுத்தது எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது. நம்ம ஸ்கூலு வளப்பு எப்புடின்னு பாக்கணுமா? அதோ, வெண்மதி. அந்தப் புள்ளயப் பாருங்க."

அவர் விரலை நீட்டினார். பெற்றோர்கள் விரல் போன பக்கம் திரும்பினார்கள். ஜூலி திரும்பினாள். ராபர்ட் திரும்பினார், செல்போனும் கையுமாக.

கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் வெண்மதி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கொய்யாக்காரி அவள் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை எடுத்துத் தூசு தட்டி, கூடைக் காதில் ஏற்கெனவே வரிசையாகத் தொங்கிய சிவப்பு, நீலம், பச்சை, கோடு போட்டது, பூப் போட்டது ஆகிய தொப்பிகளோடு கோத்துவிட்டு, மகளின் சடையை அவிழ்த்தபடியே கேட்டாள்:

"இன்னிக்கு எந்த ஸ்கூலுடி?"